உப்பளமும் வினாத்தாளும்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவரின் நடப்பு நிகழ்வுக் குறிப்பேட்டில் மரக்காணம் கடற்கரை எவ்வாறு இடம்பெறும்? பெரும்பாலும் இப்படித்தான்: ‘கழுவெளி – விழுப்புரம் மாவட்டம் – தமிழகத்தின் 16-ஆவது பறவைகள் சரணாலயம் – 2021 டிசம்பர்.’ சில பக்கங்கள் தள்ளி, ‘நிவர் புயல் – 2020 நவம்பர் – பெயர் தந்த நாடு ஈரான். ஃபெஞ்சல் புயல் – 2024 நவம்பர் – பெயர் தந்த நாடு சவூதி அரேபியா.’ அரசமைப்புச் சட்டப் பகுதியில், ‘உப்பு – ஒன்றியப் பட்டியல் – 58-ஆவது பதிவு.’ பொருளியல் பகுதியில், ‘உப்பு உற்பத்தி – முதலிடம் குஜராத், இரண்டாமிடம் தமிழ்நாடு.’

இவ்வரிகளில் பிழையேதுமில்லை. காலையில் செய்தித்தாளை அடிக்கோடிட்டுப் படிப்பது, இரவில் அதனைக் குறிப்பாகச் சுருக்குவது, வார இறுதியில் திருப்பிப் பார்ப்பது, மாதக் கடைசியில் ஒரு தொகுப்பை வாங்கி விடுபட்டவற்றை நிரப்புவது என ஓராண்டுக்கும் மேலாக ஓடும் அன்றாட உழைப்பின் விளைச்சல் இவை. முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் நூறு கேள்விகள். இரண்டு மணி நேரம். ஒரு கேள்விக்கு 72 விநாடி. தவறான விடைக்கு அக்கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இந்தக் கணக்குக்குள் நின்று பார்த்தால், ஒரு செய்திக்கு ஒரு வரிக்குமேல் எழுதிக்கொள்வது ஆடம்பரம். ஆகவே மாணவரைக் குறைசொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

நாம் கேட்க விரும்புவது வேறு. ‘இன்றைய நடப்பு’ என்பது இந்தத் தேர்வுக்குள் எப்போது நுழைந்தது? எதற்காக நுழைந்தது? தேர்வு எழுதுகிறவர் தம் காலத்தைப் பற்றி எதை அறிந்திருக்க வேண்டுமென்று அதை வகுத்தவர்கள் நினைத்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் போகையில் உப்பு நல்ல வழித்துணையாகிறது. ஏனெனில் இந்திய ஆட்சிப் பணியின் வரலாறும் உப்பின் வரலாறும் ஒன்றையொன்று பலமுறை குறுக்கிட்டிருக்கின்றன. அக்குறுக்கீடுகளில் சில நம் கடற்கரையிலேயே நிகழ்ந்தவை.

முதலில் மரக்காணத்திலிருந்து தொடங்குவோம். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் சுட்டும் சோபட்மா துறைமுகம் இதுவே என்பாரும் உளர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்டது. நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்கள் நமக்கு நன்கு அறிமுகப்படுத்தியுள்ளன. உப்பின்மீது வரி விதிப்பதும் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. ‘உப்பாயம்’ என்றொரு வரியைத் தமிழகக் கல்வெட்டுகளிலேயே காண்கிறோம்.

ஆனால் 1805-இல் நிகழ்ந்தது வேறு வகையான மாற்றம். அவ்வாண்டுச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முற்றுரிமையாக்கிக்கொண்டது. அதன்பின் உப்பு விளைவிப்பவர் விளைந்ததை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். அவருக்குக் கிடைப்பது குடிவாரம். விற்பனை விலையை நிர்ணயிப்பது அரசு. தன் வீட்டுப் பின்புறத்துக் கழியிலே வெயில் தானாக உறையவைத்த உப்பை ஒரு பிடி அள்ளுவதும் குற்றமாயிற்று.

இதிலே மரக்காணத்துக்குத் தனியான ஒரு சிக்கலும் உண்டு. தெற்கே கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. அங்கும் உப்பளங்கள் இருந்தன. ஒரு கடற்கரையில் உப்பு விலையேறியும், அடுத்த கடற்கரையில் மலிந்தும் இருந்தால் முற்றுரிமை எப்படி நிலைக்கும்? இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ இருந்தவர்கள் அல்லர். 1815 மார்ச் 7-இல் இலண்டனில் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு. ஈடாக ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரருக்கு. 1818-இல் மற்றோர் உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் செய்தார்கள். நெப்போலியப் போர்களின் முடிவில் ஐரோப்பா தன் கணக்குகளைத் தீர்த்துக்கொண்ட வேகத்தில் சோழமண்டலக் கடற்கரையின் உப்புப் பாத்திகளும் கணக்கில் சேர்ந்தன. ‘சர்வதேச உறவுகள்’ என்று இன்றைய பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு உண்டல்லவா? மரக்காணத்துப் பாத்தியில் கால்வைத்து நின்ற தொழிலாளி அத்தலைப்புக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்.

அடுத்து பக்கிங்காம் கால்வாய். 1806-இல் எண்ணூர்ப் பக்கம் சிறியதாகத் தொடங்கிய இந்நீர்வழி, 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதன் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போன பாதை அது. பசித்தவரின் உழைப்பு வெட்டிய கால்வாய் வழியே வரி சுமந்த உப்பு நகருக்குச் சென்றது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இம்முடிவுகளை இங்கே செயல்படுத்திய அதிகாரிகள் யார்? அவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? தொடக்கத்தில் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரைதான் தகுதி. பரிந்துரை பெற்ற இளைஞர் 1806-இல் தொடங்கிய கம்பெனிக் கல்லூரியில், பின்னாளில் ஹெய்லிபரியில், பயின்று கப்பலேறுவார். சென்னைக்கு வருபவர்களுக்கு 1812-இல் அமைக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தென்னாட்டு மொழிகள் கற்பிக்கப்பட்டன. அதன் உயிர்நாடியாக இருந்தவர் எல்லிஸ் துரை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே நிறுவிய அதே எல்லிஸ், திருக்குறளுக்கு உரை கண்ட எல்லிஸ். பரிந்துரை முறை அநீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கே வந்தபின் இந்நிலத்தைக் கற்க வேண்டுமென்ற கட்டாயம் அம்முறைக்குள்ளும் இருந்தது.

1853-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் பரிந்துரையை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. தேர்வு எப்படி இருக்க வேண்டுமென்று 1854-இல் அறிக்கை தந்தது மெக்காலே தலைமையிலான குழு. முதல் தேர்வு 1855-இல் இலண்டனில் நடந்தது. குழு வகுத்த மதிப்பெண் பட்டியல் பார்க்கத்தக்கது. மொத்தம் 6,875. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாற்றுக்கு 1,500. கிரேக்கத்துக்கு 750. இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கோ பிற மக்கள் மொழிகளுக்கோ ஒன்றுமில்லை. இந்தியாவைப் பற்றிய தாளும் இல்லை.

இது மறதியால் நேர்ந்த விடுபாடன்று. மெக்காலே குழு அதற்குக் காரணமும் சொல்லியது. போட்டியில் பலர் தோற்பார்கள். தோற்பவர் வேறு எந்தத் தொழிலுக்கும் பயன்படாத இந்தியச் செய்திகளைப் படித்து ஆண்டுகளை வீணாக்கக்கூடாது. எனவே நல்ல கல்வி பெற்ற எந்த ஆங்கில இளைஞனும் இயல்பாகப் படித்திருக்கக் கூடியதில் மட்டும் முதற்தேர்வு நடக்கட்டும். தேறியவர் பிறகு இந்திய வரலாறும் சட்டமும் மொழியும் கற்கட்டும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தின் முதற்பாதியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆறு முறை எழுதித் தோற்று, முப்பது வயதைக் கடந்து, குறிப்பேட்டுக் கட்டுகளோடு ஊர் திரும்பும் இளைஞர்களை நாம் இன்று அறிவோம். தோற்பவரைப் பற்றிக் கவலைப்பட்ட தேர்வு முறை என்ற வகையில் மெக்காலேயின் குழு நமக்கொரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. ஆனால் அந்தக் கவலை ஆங்கில இளைஞனுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஆளப்படுகிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

பயிற்சி நிலையங்களும் தேர்வோடு கூடவே பிறந்தவைதாம். இலண்டனில் வால்டர் ரென் நடத்திய பயிற்சிக்கூடம் ஐ.சி.எஸ். மாணவரிடையே புகழ்பெற்றது. குறைந்த காலத்தில் நிறையத் திணிக்கும் இத்தகைய இடங்களைப் பற்றி விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் புலம்பியதும், இன்று தில்லி இராஜிந்தர் நகரையும் சென்னை அண்ணா நகரையும் பற்றி நாம் புலம்புவதும் ஒரே சுருதியில் இருக்கின்றன. இந்தியருக்குத் தடை வேறு வடிவிலும் வந்தது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார். 1869-இல் சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் தேறினர். அடுத்த பத்தாண்டுக்குள் உச்ச வயது 19 ஆகக் குறைக்கப்பட்டது. பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து, அந்நிய மொழியில், கிரேக்கமும் இலத்தீனும் எழுதித் தேற வேண்டும்!

உப்பும் தேர்வும் ஒரே மேடையில் சந்தித்தது 1885 டிசம்பர் இறுதியில். பம்பாயில் 72 பேர் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில், குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும், வயது வரம்பை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதே மாநாட்டில் உப்பு வரியை உயர்த்துவதை எதிர்த்துப் பேசியவர் சென்னையிலிருந்து சென்ற எஸ்.ஏ. சாமிநாத ஐயர். மாநாட்டைக் கூட்டியவர்களில் முதன்மையானவர் ஏ.ஓ. ஹியூம். அவரோ ஒரு காலத்தில் உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்து, உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே வளர்க்கப்பட்ட முட்புதர் வேலியைப் பராமரித்தவர். ராய் மாக்ஸம் எழுதி சிறில் அலெக்ஸ் மொழிபெயர்த்த ‘உப்பு வேலி’யைப் படித்தவர்கள் இந்த முரணை மறக்க மாட்டார்கள். அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-இல் ‘தி இந்து’வையும், 1882-இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியவர். இன்று தேர்வர்கள் பென்சிலும் கையுமாக அமர்ந்து படிக்கும் நாளேடு, ஆட்சியைக் கேள்வி கேட்பதற்காகச் சென்னை இளைஞர் சிலர் தொடங்கிய ஏடு. அது விடை தேடுவதற்காகப் பிறந்ததன்று என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1893-இல் இங்கிலாந்துப் பொதுமன்றமே இரு நாட்டுத் தேர்வை ஆதரித்துத் தீர்மானம் போட்டும் அரசு நிறைவேற்றவில்லை. இந்தியாவில் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அலகாபாத்தில் அது நடந்தது. 1926-இல் மத்தியில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. மாகாணங்களில் இத்தகைய ஆணையத்தை முதலில் அமைத்துக்கொண்டது சென்னை, 1929-இல்.

நம் கேள்விக்கான விடை இந்தக் காலப்பகுதியில்தான் கிடைக்கிறது. பிரிட்டனில் உயர்பணித் தேர்வைச் சீரமைக்க ஸ்டான்லி லேதஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழு அமைந்து 1917-இல் அறிக்கை அளித்தது. கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் ஏகபோகம் போரின் நடுவே ஆட்டம் கண்டிருந்த காலம். அக்குழுவின் பரிந்துரைப்படி 1920-களில் நடைமுறைக்கு வந்த தேர்வில், எல்லாரும் எழுத வேண்டிய தாள்களாகக் கட்டுரை, ஆங்கிலம், அன்றாட அறிவியல் ஆகியவற்றோடு ‘நிகழ்காலம்’ என்றொரு தாளும் சேர்ந்தது. நூறு மதிப்பெண். சமகாலச் சமூக, பொருளாதார, அரசியல் சிக்கல்கள் பற்றிய கேள்விகள். பல கேள்விகளைத் தந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னார்கள். எழுதுபவர் ஒரு பொருளை எவ்வளவு தெளிவாக விளக்குகிறார் என்பதே அளவுகோல். ஆக, நடப்பு நிகழ்வு இத்தேர்வுக்குள் நுழைந்தபோது அது நினைவாற்றலுக்கு வைத்த சோதனையாக நுழையவில்லை. தன் காலத்துச் சிக்கலொன்றைக் காரண காரியத்தோடு எடுத்துரைக்கும் ஆற்றலுக்கான சோதனையாக நுழைந்தது.

அத்தகைய தாளுக்குரிய சிக்கலொன்று தமிழ்க் கடற்கரையில் 1930-இல் எழுந்தது. மார்ச் 12-இல் புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பு எடுத்தார். ஏப்ரல் 13-இல் இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அப்போது மணங்கு ஒன்றுக்கு உப்பு வரி ஒரு ரூபாய் நான்கணா. தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன், ஐ.சி.எஸ். தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருபவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அவர் ஊரூராக அறிவித்தார். கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் சிறை சென்றார். மக்கள் வேறு வழி கண்டார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30-இல் இராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார்.

2015-ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில் இதுபற்றி ஒரு கேள்வி வந்தது. 1930 ஏப்ரலில் உப்புச் சட்டத்தை மீறத் தஞ்சைக் கடற்கரையில் நடைப்பயணம் நடத்தியவர் யார் என்பது கேள்வி. வ.உ. சிதம்பரம் பிள்ளை, இராஜாஜி, காமராஜர், அன்னி பெசன்ட் என நான்கு விடைகள். தமிழக மாணவர்களுக்கு இதைவிட எளிய கேள்வி அமைந்திருக்க முடியாது. 72 விநாடியில் 70 மிச்சம்.

ஆனால் இக்கேள்வியை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். தேர்வு கேட்பது இராஜாஜியின் பெயரை. தேறியவர் சென்று அமரப்போவது தார்னின் நாற்காலியில். ஒரு மாவட்டம், ஒரு சட்டம், அச்சட்டம் தவறென்று சொல்லி நடந்து வரும் மக்கள், மேலிடத்து உத்தரவு, கையில் தடியடி அதிகாரம். அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன், அரசுக்கு என்ன அறிக்கை எழுதுவேன் என்ற கேள்விதான் வருங்கால ஆட்சியருக்கு உரியது. தார்னே பின்னர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், அரசின்மீது மக்களுக்கு இருந்த பற்று அற்றுப்போயிற்று என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஒடுக்கியவரே உண்மையைப் பதிவும் செய்தார் என்னும் இச்செய்தி நான்கு விடைகளுக்குள் அடங்காது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1-இல் நீங்கியது. தார்னின் நாற்காலி நீங்கவில்லை, ஐ.ஏ.எஸ். என்ற பெயரில் தொடர்ந்தது.

விடுதலைக்குப்பின் தேர்வு தமிழருக்கு நெருங்கி வந்த கதையும் எளியதன்று. 1965 மொழிப்போரில் மாணவரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அச்சங்களுள் ஒன்று, மத்தியப் பணித் தேர்வு இந்தியில் மட்டும் நடந்தால் நம் கதி என்ன என்பது. அப்போராட்டத்தின்போது சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியைத் துறக்க முன்வந்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965 பிப்ரவரியில் வானொலியில் தந்த உறுதிமொழிகளுள் ஒன்று, குடிமைப் பணித் தேர்வு ஆங்கிலத்தில் தொடரும் என்பது. 1968-இல் அறிவிக்கப்பட்ட ஆட்சிமொழித் தீர்மானம் எட்டாவது அட்டவணை மொழிகளுக்கும் இடம் தந்தது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இல் தேர்வு முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்றடுக்கானபோது, முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுத வழி பிறந்தது. 2013 மார்ச்சில் வந்த அறிவிக்கை தாய்மொழியில் எழுதுவதற்குப் புதுக் கட்டுப்பாடுகளை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில வாரங்களில் அவை கைவிடப்பட்டன.

ஆயினும் ஒரு குறை நீடிக்கிறது. விடையைத் தமிழில் எழுதலாம். கேள்வியைத் தமிழில் படிக்க இயலாது. பொது அறிவு வினாத்தாள்கள் இன்றளவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. நடப்பு நிகழ்வில் இதன் சுமை கூடுதல். தமிழ் நாளேட்டில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் ஆங்கிலச் சொல்லை நினைவில் கொள்ள வேண்டும். பிறகு விடையை மீண்டும் தமிழாக்க வேண்டும். இம்மூன்று வேலைகளையும் செய்பவருக்கும் அதே 72 விநாடிதான். அவர் ஒற்றை வரிக் குறிப்புகளை நாடுவதில் வியப்பென்ன?

தமிழக அரசு 1966 முதல் சென்னையில் பயிற்சி மையம் நடத்துகிறது. 2023-இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் ஆயிரம் மாணவருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கும் ஏற்பாடும் வந்தது. வீட்டு வாடகைக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். எப்படிப் படிப்பது என்பதை மாணவரேதான் முடிவுசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு யோசனையை வாசகர்முன் வைக்க விரும்புகிறேன். நாள்தோறும் சேரும் வரிகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைப் பின்னோக்கிப் படித்துப் பார்ப்பது. எல்லா வரிகளையும் அல்ல. நாளுக்கு ஒன்று போதும். நாம் தொடங்கிய கழுவெளியையே எடுத்துக்கொள்வோம்.

கழுவெளி ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட உவர்நீர் ஏரி. பழவேற்காட்டுக்கு அடுத்துத் தமிழகத்தின் பெரிய காயல். இடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடலோடு கலப்பது. மழை பெய்தால் நன்னீர் பெருகும். கோடையில் உப்பு ஏறும். வலசைப் பறவைகள் தங்குவதற்கும், சுற்றியுள்ள அளங்களில் உப்பு விளைவதற்கும் இந்த ஏறியிறங்கும் உவர்ப்பே காரணம். இந்த ஒரே நீரில் பறவையும் இறாலும் மீனும் உப்பும் வாழ்கின்றன. இனி அரசமைப்புச் சட்டத்தைப் பிரியுங்கள். உப்பு ஒன்றியப் பட்டியலில் 58-ஆவது பதிவு. மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது பதிவு. காட்டுயிர்ப் பாதுகாப்பு, 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலில் 17-பி ஆனது. மூன்று பட்டியல்களும் ஒரே ஏரிக்கரையில் வந்து முட்டுகின்றன. பறவைக்குச் சரணாலயம் அறிவிக்கும்போது வலைபோடுகிறவரின் உரிமை என்னவாகும்? உவர்நீர் வரத்தை மாற்றினால் பாத்தி என்னவாகும்? இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. இம்மாவட்டத்தின் ஆட்சியர் மேசைக்கு எந்த வாரமும் வரக்கூடியவை. குறிப்பேட்டில் தனித்தனிப் பக்கங்களில் கிடந்த வரிகள் இவ்வாறு ஒன்றுகூடும்போதுதான் அவற்றுக்குப் பொருள் வருகிறது.

புயல் வரியையும் இப்படியே திருப்பலாம். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் கரைகடந்தது புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சலும் புதுச்சேரியருகே கரையேறி நெடுநேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரையொட்டிய மழை. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அப்பெயர்களை ஈரானும் சவூதி அரேபியாவும் தந்தன என்பது உண்மை. ஆனால் உப்பு விளைச்சலின் நாட்காட்டி தெரிந்தவருக்கு அச்செய்தியின் வேறு பகுதி கண்ணில் படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் அளத்தில் வேலை இல்லை. கரைகளைச் சீர்செய்து, சேற்றை வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தித்தான் தை மாதத்துக்குப்பின் புதிய நீர் பாய்ச்ச முடியும். மழைக்கால இறுதியில் வரும் பெருவெள்ளம் அந்த ஆண்டின் தொடக்கத்தையே தள்ளிப்போடும். வேலையற்ற மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-களில் கொண்டுவந்திருக்கிறது. அத்தொகை எத்தனை நாளைக்குக் காணும், தொடக்கம் தள்ளிப்போன ஆண்டில் மேற்கொண்டு என்ன செய்வது என்று கணக்கிட, புயலுக்குப் பெயர் தந்த நாட்டை அறிந்திருப்பது போதாது.

இப்படிப் படித்தால் முதல்நிலையில் மதிப்பெண் கூடுமா என்று கேட்பார்கள். கூடலாம், கூடாமலும் போகலாம். முதன்மைத் தேர்வில் தலா 250 மதிப்பெண்ணுக்கு நான்கு பொது அறிவுத் தாள்களும் ஒரு கட்டுரைத் தாளும் இருக்கின்றன. லேதஸ் குழு எண்ணிய ‘நிகழ்காலம்’ இன்னமும் அங்கே உயிரோடு இருப்பதால் இவ்வாசிப்பு வீணாகாது என்று சொல்லலாம். ஆனால் அதைவிட முக்கியமானது, மெக்காலே குழு தோற்பவரைப் பற்றி எழுப்பிய கவலை. இத்தேர்வை எழுதுகிறவர்களில் மிகப் பலர் தேறப்போவதில்லை. தேறாதவர் கையில் நான்காண்டு உழைப்புக்குப்பின் எஞ்சுவது என்ன? புயல்களின் பெயர்ப்பட்டியல் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். தன் ஊர் ஏரி எந்தச் சட்டத்தில் வருகிறது, தன் கடற்கரையின் உப்பு யாருடைய மேசையில் தீர்மானிக்கப்பட்டது, ஒரு மனுவை எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவைச் சுட்டிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கற்றவர் ஆட்சியராகாவிட்டாலும் தன் ஊருக்கு வேண்டியவராவார். 1885-இல் பம்பாயில் உப்புக்காகப் பேசிய சாமிநாத ஐயர் ஐ.சி.எஸ். தேறியவர் அல்லர்.

உப்பு விளையும் கோடையில்தான் முதல்நிலைத் தேர்வும் பெரும்பாலும் வருகிறது. அந்த மாதங்களில் மரக்காணத்துச் சாலையில் போகிறவர்கள் இருபுறமும் குவித்து வைத்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்கலாம். இக்கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தம் குறிப்பேட்டில் ‘உப்பு – ஒன்றியப் பட்டியல் – 58’ என்று எழுதும்போது, பக்கத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் விட்டு எழுதட்டும். அவ்விடத்தை நிரப்பத் தேவையான செய்தி அவர்கள் வீட்டிலேயே கிடைக்கும்.